யார் முதலிடம், யார் கடைசி? பேஸ்பால் பிரிவுக் கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் மாதம் வந்துவிட்டால் அமெரிக்கப் பேஸ்பால் உலகில் ஆரூடம் சொல்லாதவர்கள் குறைவு. எந்தப் பிரிவில் எந்த அணி முதலில் வரும், எது அடியில் கிடக்கும் என்று ஆளுக்கொரு பட்டியல் போடுவார்கள். செப்டம்பர் முடிவில் அந்தப் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்ப்பவர்கள் அதைவிடக் குறைவு. கணிப்பு பொய்த்துப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரே வகைப் பிழையை ஆண்டுதோறும் செய்துவிட்டு, "பேஸ்பாலில் எதுவும் நடக்கும்" என்று கையை விரிப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. எது நடக்கும், எது அவ்வளவாக நடக்காது என்பதற்கு ஓரளவு கணக்கு உண்டு.

புதிதாகப் பார்க்க வருபவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு லீகுகள்; ஒவ்வொன்றிலும் கிழக்கு, மத்திய, மேற்கு என மூன்று பிரிவுகள்; பிரிவுக்கு ஐந்து அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணி, சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் சுற்றுக்குப் போகும். 2022 முதல், மீதி அணிகளில் அதிகம் வென்ற மூன்று அணிகள், லீகுக்கு லீக், வைல்டு கார்டு வழியாக நுழைகின்றன.

ஐந்து அணிகளை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். அதில் சரியான ஒன்றைப் பிடிப்பது யாருக்கும் எளிதல்ல. எல்லாப் பிரிவுகளையும் பேசினால் கட்டுரை சிதறிவிடும் என்பதால் நேஷனல் லீக் கிழக்குப் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: அட்லாண்டா பிரேவ்ஸ், பிலடெல்பியா ஃபில்லீஸ், நியூயார்க் மெட்ஸ், மயாமி மார்லின்ஸ், வாஷிங்டன் நேஷனல்ஸ். கணிப்பாளர்களை இந்த ஐந்து அணிகள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

போன ஆண்டு அட்டவணையை நகலெடுப்பது

பெரும்பாலான பட்டியல்களின் அடியில் இருப்பது சென்ற ஆண்டின் அட்டவணைதான். எழுதியவர் ஒப்புக்கொள்ளமாட்டார், பார்த்தாலே தெரிந்துவிடும். முதல் இரண்டு அணிகள் இடம் மாறியிருக்கும், நடுவில் ஒன்று ஒரு படி ஏறியிருக்கும், கடைசி இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதன் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2022இல் பிரேவ்ஸ் 101, மெட்ஸ் 101, ஃபில்லீஸ் 87, மார்லின்ஸ் 69, நேஷனல்ஸ் 55 வெற்றிகள் பெற்றன. 2023இல் பிரேவ்ஸ் 104, ஃபில்லீஸ் 90, மார்லின்ஸ் 84, மெட்ஸ் 75, நேஷனல்ஸ் 71. போன ஆண்டு எண்களே திரும்ப வரும் என்று ஒருவர் எழுதியிருந்தால், அணிக்குச் சராசரியாக 12.6 வெற்றி தவறியிருப்பார். மெட்ஸ் விஷயத்தில் மட்டும் 26. பேஸ்பாலே தெரியாத ஒருவர் ஐந்து அணிக்கும் 81, அதாவது 162இல் சரிபாதி என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவருடைய சராசரிப் பிழை 10.2தான்! கரைத்துக் குடித்தவரைவிட ஒன்றும் தெரியாதவர் நன்றாகக் கணித்திருப்பார்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. போன ஆண்டு எண்ணுக்கும் 81க்கும் நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்வது. 101 வென்ற அணிக்கு 91; 55 வென்ற அணிக்கு 68. இப்படிச் செய்திருந்தால் 2023இல் சராசரிப் பிழை 9.4 ஆகக் குறைந்திருக்கும். 2024இல் நகலெடுப்பவருக்கு 11.2, எல்லாருக்கும் 81 என்றவருக்கு 11.8, நடுப்புள்ளிக்காரருக்கு 9.9. 2025இல் முறையே 8.4, 7.8, 7.3. மூன்று ஆண்டுகளிலும் நடுப்புள்ளிதான் முந்துகிறது. ஒரு பிரிவு, மூன்று ஆண்டு என்பது சின்னக் கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நேரம் கிடைக்கும்போது வேறு பிரிவுகளுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள்.

ஏன் இப்படி? சரிசம பலமுள்ள அணி ஒன்று, ஒவ்வோர் ஆட்டத்தையும் நாணயம் சுண்டுவதுபோல் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 162 ஆட்டங்களின் முடிவில் அது சரியாக 81 வெல்லுமா? சுமார் மூன்றில் இரண்டு முறைதான் 75க்கும் 87க்கும் இடையில் நிற்கும். மீதி ஒரு முறை அதையும் தாண்டிப் போய்விடும். வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டும் இவ்வளவு. 87 வெற்றியோடுதான் ஃபில்லீஸ் 2022இல் பிளேஆஃபுக்குள் நுழைந்து, இறுதிச் சுற்றான உலகத் தொடர்வரை போனது. 75 வெற்றியோடுதான் மெட்ஸ் 2023இல் ஊர் சிரிக்க நின்றது. ஒரே பலமுள்ள அணிக்கு இந்த இரண்டுமே நேரலாம் என்றால், 100 வெற்றி பெற்ற அணியைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் பலம் எவ்வளவு, நல்ல காலம் எவ்வளவு?

ஒரு ரன் வெற்றிகளைத் திறமை என்று நம்புவது

அதற்கான விடையை ஓரளவு சொல்லக்கூடியது, ஓர் அணி எடுத்த ரன்களும் விட்டுக்கொடுத்த ரன்களும். கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட்டைப் புள்ளிகள் சமமாகும்போதுதான் தேடுகிறோம். பேஸ்பாலில் அடுத்த ஆண்டைக் கணிக்க உட்கார்ந்தால் அதன் உறவுக்கார எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த பழைய சூத்திரம் எளிது. எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்தவை, கொடுத்தவை இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். 2023 மார்லின்ஸை இதில் போடுவோம். எடுத்தது 666, கொடுத்தது 723. விகிதம் 0.459, 162 ஆட்டங்களுக்கு 74 வெற்றி. ஆனால் அட்டவணையில் இருந்ததோ 84. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் அந்த அணி 33 வென்று 14 மட்டுமே தோற்றது.

அந்தக் குளிர்காலத்தில் மார்லின்ஸ் ரசிகர்கள் இதை நெஞ்சுரம் என்றார்கள், நெருக்கடியில் ஜெயிக்கத் தெரிந்த அணி என்றார்கள். 2024இல் மார்லின்ஸ் 62 வென்று 100 தோற்றது. அதிர்ஷ்டம் கைவிட்டது மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. முதன்மைப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், சாண்டி அல்காந்தரா முழங்கை அறுவை சிகிச்சையால் அந்த ஆண்டு முழுவதும் ஆடவில்லை. இளம் பிட்சர் யூரி பெரெஸும் அதே வழியில் போனார். மே மாதத் தொடக்கத்திலேயே மட்டையாளர் லூயிஸ் அராயெஸை சான் டியேகோவுக்கு விற்றுவிட்டார்கள். ஆனாலும் 84லிருந்து இறங்கியது என்று பேசுவதைவிட 74லிருந்து இறங்கியது என்று பேசினால் அந்தச் சரிவு பாதி புரிந்துவிடும்.

எதிர்த்திசை உதாரணமும் உண்டு. இதற்காக மட்டும் மேற்குப் பிரிவுக்குப் போகிறேன். 2023இல் சான் டியேகோ பேட்ரீஸ் கொடுத்ததைவிட 104 ரன் கூடுதலாக எடுத்தும் 82 ஆட்டம்தான் வென்றது. ஒரு ரன் ஆட்டங்களில் 9 வெற்றி, 23 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராமல் கூடுதல் இன்னிங்ஸ் வரை போன 14 ஆட்டங்களில் 12 தோல்வி. "மனோதிடம் இல்லாத அணி" என்று எழுதாதவர் இல்லை. அடுத்த ஆண்டு, நட்சத்திர மட்டையாளர் ஹுவான் சோட்டோவை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்ட பிறகும், அதே அணி 93 வென்றது.

கடைசி இன்னிங்ஸ்களை வீசும் புல்பென் பிட்சர்கள் வலுவாக இருக்கும் அணி நெருக்கமான ஆட்டங்களில் கொஞ்சம் முந்தும் என்பது உண்மை. கொஞ்சம்தான். 33-14 என்பது கொஞ்சம் அல்ல.

ஒரு நட்சத்திரத்துக்குப் பத்து வெற்றி எழுதுவது

2019 தொடங்குவதற்கு முன் பிரைஸ் ஹார்ப்பர் வாஷிங்டனைவிட்டு ஃபில்லீஸுக்குப் போனார். 13 ஆண்டு, 33 கோடி டாலர். போன இடம் அதே பிரிவு என்பதால் கணக்கு எல்லாருக்கும் இனித்தது: அங்கே கழித்து இங்கே கூட்டினால் போதும். ஹார்ப்பர் தன் பங்குக்கு 35 ஹோம் ரன் (பெரும்பாலும் வேலியைத் தாண்டும் அடி) அடித்தார், குறை சொல்ல முடியாது. ஃபில்லீஸ் முந்தைய ஆண்டு 80 வென்றிருந்தது. அவர் வந்த பிறகு 81. நேஷனல்ஸ் 82லிருந்து 93க்கு ஏறியது. உலகத் தொடரையும் வென்றது.

பேஸ்பாலில் ஒருவர் எவ்வளவுதான் செய்ய முடியும் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. மட்டை வீசும் முறை ஒன்பது பேருக்கும் வரிசையாக வரும். எத்தனை பெரிய ஆட்டக்காரருக்கும் ஓர் ஆட்டத்தில் நான்கோ ஐந்தோ முறைதான். கடைசி இன்னிங்ஸில் மூன்று பேர் தளத்தில் நிற்கும்போது, அவர் முறை முடிந்துபோய், எட்டாம் இடத்துக்காரர் மட்டையோடு வந்து நிற்பார். கிடைக்கும் ஆளை வைத்து நிரப்பும் அணியோடு ஒப்பிட்டு ஒருவர் எத்தனை வெற்றி கூட்டுகிறார் என்று மதிப்பிடுவதை "வார்" (WAR) என்கிறார்கள். மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கும் அது பெரும்பாலான ஆண்டுகளில் 5 முதல் 7தான். அபூர்வமாக 9, 10 வரும். அதை எதிர்பார்த்துக் கணிப்பு எழுதக் கூடாது. அவர் வந்ததால் யார் வெளியே போனார் என்பதையும் கழிக்க வேண்டும். வெளியே போனவரும் இரண்டு வெற்றிக்கு ஆனவர் என்றால், நிகர ஆதாயம் நான்குதான்.

சோட்டோ கதையும் இதேதான். 2024 டிசம்பரில் மெட்ஸ் அவரை 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2025இல் அவர் 43 ஹோம் ரன் அடித்தார், பந்து அடிபடாமலே அடுத்த தளத்துக்கு ஓடி 38 தளம் "திருடினார்". மெட்ஸ் 89லிருந்து 83க்கு இறங்கியது. சோட்டோவால் இறங்கவில்லை; அவர் இல்லாவிட்டால் இன்னும் கீழே போயிருக்கும். ஏன் இறங்கியது என்பது அடுத்த தவறோடு சேர்ந்தது.

முதல் ஐந்து பிட்சர்களை மட்டும் எண்ணுவது

2025 ஜூன் 12. மெட்ஸ் மைதானமான சிட்டி ஃபீல்டில் வாஷிங்டனுக்கு எதிராக ஆட்டம். கோடாய் செங்கா வீசுகிறார். அன்று வென்றதும் மெட்ஸின் கணக்கு 45 வெற்றி, 24 தோல்வி. பேஸ்பாலிலேயே அன்றைக்கு அதுதான் முதலிடம். ஆறாவது இன்னிங்ஸில் முதல் தளப் பக்கமாக ஒரு தரைப்பந்து. தளக்காவலர் பீட் அலோன்சோ அதைப் பிடித்துவிட்டார். தளத்தை மூட ஓடிவந்த செங்காவுக்குப் பந்தை எறிகிறார். சற்று உயரமாகப் போய்விடுகிறது. செங்கா எம்பிப் பிடித்து, ஒற்றைக் காலைத் தளத்தில் ஊன்றி இறங்குகிறார். மட்டையாளர் அவுட். செங்கா தரையில் விழுந்து தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்.

அதன் பிறகு மெட்ஸ் ஆடிய 93 ஆட்டங்களில் 38 வெற்றி, 55 தோல்வி. செங்கா ஜூலையில் திரும்பி வந்தார். பழைய ஆளாக வரவில்லை. செப்டம்பரில், கீழ்நிலை அணிகள் ஆடும் மைனர் லீகுக்கு அனுப்பப்பட்டார். நோலன் மெக்லீன், ஜோனா டாங், பிராண்டன் ஸ்ப்ரோட் என்று அந்த ஆண்டுதான் மேஜர் லீகில் அறிமுகமான இளைஞர்களை வைத்து மெட்ஸ் கடைசி வாரங்களை ஓட்டியது. ஒரு தசைப்பிடிப்பால் ஓர் அணி கவிழ்ந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஆறாவது, ஏழாவது பிட்சர் யார் என்று மார்ச்சில் யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

கணிப்பு எழுதுபவர்கள், முறைவைத்து ஆட்டத்தைத் தொடங்கி வீசும் தொடக்கப் பிட்சர்கள் ஐந்து பேரின் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒப்பிடுவார்கள். ஐந்து பேரும் ஆண்டு முழுவதும் நலமாக வீசினால் ஆளுக்கு 32 ஆட்டம் வரும். அப்படி நடக்கும் அணியைத் தேடிப்பாருங்கள், விரல் விட்டு எண்ணிவிடலாம். அதே 2025இல் பிரேவ்ஸைப் பல கணினிக் கணிப்பு மாதிரிகள் பிரிவின் முதலிடத்திலோ அதை ஒட்டியோ வைத்திருந்தன. காகிதத்தில் அது அழகான அணி. ரெய்னால்டோ லோபெஸ் ஒரே ஓர் ஆட்டம் தொடங்கிவிட்டுத் தோள் அறுவை சிகிச்சைக்குப் போனார். ஏ.ஜே. ஸ்மித்-ஷாவர் முழங்கைத் தசைநார் கிழிந்து வெளியேறினார். கிறிஸ் சேலுக்கு ஒரு பந்தைப் பாய்ந்து பிடிக்கப்போய் விலா எலும்பு முறிந்தது. ஸ்பென்சர் ஷ்வெலன்பாக்கின் முழங்கை எலும்பில் முறிவு. முந்தைய ஆண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் திரும்பினார், வேகம் திரும்பவில்லை. இதற்கு நடுவில், ஜனவரியில் புதிதாக வாங்கிய ஜூரிக்சன் ப்ரோஃபார் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 80 ஆட்டத் தடை. முதல் ஏழு ஆட்டமும் தோல்வி. முடிவில் 76 வெற்றி, நான்காம் இடம்.

ஃபில்லீஸுக்கும் அடி விழாமலில்லை. அணியின் தலைசிறந்த பிட்சர் ஸாக் வீலர் ஆகஸ்டில் ரத்த உறைவு காரணமாக வெளியேறினார். ஏரன் நோலாவுக்கு மோசமான ஆண்டு. இருந்தும் கிறிஸ்டோபர் சான்செஸ், ரேஞ்சர் சுவாரெஸ், முந்தைய டிசம்பரில் மயாமியிடமிருந்து வாங்கிய ஹெசூஸ் லுசார்டோ என்று ஆள் இருந்தது. 96 வெற்றியோடு பிரிவு அவர்களுடையதாயிற்று. கணிப்பு எழுதும்போது அணிக்கு எட்டு அல்லது ஒன்பது தொடக்கப் பிட்சர்களின் பெயரை எழுதிப் பாருங்கள். ஏழாவது பெயரில் பேனா நின்றுவிட்டால் அந்த அணியிலிருந்து இரண்டு மூன்று வெற்றியைக் குறைத்துவிடலாம். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய கைகளுக்கும், போன ஆண்டு கத்தி பட்ட முழங்கைகளுக்கும் முழு ஆண்டை எழுதாதீர்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: ஒரே காயத்தின்மேல் எல்லாப் பழியையும் போடுவது. 2023 மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் புவேர்ட்டோ ரிக்கோ வென்ற குதூகலத்தில் துள்ளியபோது கடைசி இன்னிங்ஸை வீசி ஆட்டத்தை முடித்துவைக்கும் மெட்ஸின் குளோசர் எட்வின் டியாஸ் முழங்கால் நாண் அறுந்து விழுந்தார். அந்த ஆண்டு முழுவதும் போயிற்று. மெட்ஸின் வீழ்ச்சிக்கு இன்றைக்கும் பலர் சொல்லும் காரணம் இதுதான். ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ், அதுவும் சில ஆட்டங்களில் மட்டும் வீசும் ஒருவரால் 26 வெற்றி போய்விடாது. அதிகம் போனால் மூன்று. ஷெர்சர், வெர்லாண்டர் என்று நாற்பதை ஒட்டிய இரு பிட்சர்களை நம்பியதும், முந்தைய ஆண்டின் 101 வெற்றியை அசல் பலம் என்று எண்ணியதும்தான் பெரிய காரணங்கள். ஆகஸ்ட் 1க்குள் இருவரையுமே விற்றுவிட்டார்கள்.

ஏப்ரல், மே மாதங்களைப் பெருக்கிப் பார்ப்பது

45-24 என்று நிற்கும் அணியைப் பார்த்ததும் கை தானாகக் கணக்குப் போடும்: இதே விகிதத்தில் போனால் 106 வெற்றி. மார்ச்சில் அந்த அணியை 90 வெற்றிக்கு மதிப்பிட்டிருந்தால், மிச்சமுள்ள 93 ஆட்டங்களுக்கு அந்தப் பழைய மதிப்பீட்டையே கொஞ்சம் உயர்த்திப் பயன்படுத்த வேண்டும். அப்படிப் போட்டால் 97, 98 வரும். மெட்ஸ் அதையும் எட்டவில்லை என்பது வேறு. ஆனால் 106 என்றவரின் ஏமாற்றம் இன்னும் பெரிது.

இந்தப் பிரிவில் இதற்குப் பஞ்சமே இல்லை. 2019இல் முதல் 50 ஆட்டத்தில் 19 மட்டும் வென்ற நேஷனல்ஸ்தான் அந்த ஆண்டுச் சாம்பியன். 2022 ஜூன் 1 அன்று பத்தரை ஆட்டம் (வெற்றி வித்தியாசம், தோல்வி வித்தியாசம் இரண்டின் சராசரி) முன்னிலையில் இருந்த மெட்ஸ் பிரிவைப் பிரேவ்ஸிடம் பறிகொடுத்தது. 2024 ஜூன் தொடக்கத்தில் 24-35 என்று கிடந்த அதே மெட்ஸ் 89 வென்று நேஷனல் லீக் இறுதிச் சுற்றுவரை போனது. மெட்ஸ் ரசிகராக இருப்பது உடல்நலத்துக்கு ஏற்றதல்ல.

2020இல் கொரோனாவால் 60 ஆட்டமே நடந்தபோது, முந்தைய ஆண்டு 105 தோற்ற மார்லின்ஸ் 31-29 என்று இரண்டாம் இடம் பிடித்தது. 60 ஆட்டம் என்பது வழக்கமான ஆண்டில் ஜூன் முதல் வாரம். அந்த நேரத்து அட்டவணை எவ்வளவு பேசும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மார்ச் மாதப் பயிற்சி ஆட்டங்களை இதைவிடவும் குறைவாக மதியுங்கள். ஐந்து அணிகளும் ஃபுளோரிடாவில்தான் பயிற்சி செய்கின்றன. ஆறாவது இன்னிங்ஸுக்கு மேல் களத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஏப்ரலில் மைனர் லீகில் இருப்பார்கள். பிட்சர் புதிதாகக் கற்ற பந்தையே வரிசையாக வீசிப் பழகுவார். அடி வாங்கினால் அவருக்குக் கவலையில்லை.

ஜூலை இறுதியை மறப்பது

மார்ச்சில் இருக்கும் அணி செப்டம்பரில் இருக்காது. ஜூலை இறுதியை ஒட்டி ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள் வரும். அப்போது வாங்குவதா விற்பதா என்று ஒவ்வோர் அணியும் முடிவெடுக்கும். அட்டவணையின் மேல்பாதி மேலும் ஏறுவதும் கீழ்பாதி மேலும் சரிவதும் அங்கேதான்.

2021இல் இது பாடப்புத்தகம்போல் நடந்தது. ஜூலை 10 அன்று மயாமியில் ஒரு பந்தைப் பிடிக்கத் தாவிய பிரேவ்ஸின் ரொனால்ட் அக்குன்யா ஜூனியருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அணி அப்போது பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பிரேவ்ஸ் நிர்வாகமோ ஜோக் பீடர்சன், ஹோர்ஹே சோலேர், எடி ரொசாரியோ, ஆடம் டுவால் என்று நான்கு வெளிக்களத்தாரை வாங்கிப்போட்டது. ஆகஸ்ட் 6 அன்றுதான் அந்த ஆண்டில் முதல்முறையாக வெற்றிகள் தோல்விகளைத் தாண்டின. 88 வெற்றியோடு பிரிவு, பிறகு உலகத் தொடர். அதில் சிறந்த ஆட்டக்காரர் விருது சோலேருக்கு. அதே வாரத்தில் நேஷனல்ஸ் ஷெர்சரையும் ட்ரே டர்னரையும் டாட்ஜர்ஸுக்கும், கைல் ஷ்வார்பரை ரெட் சாக்ஸுக்கும் கொடுத்துவிட்டுக் கடையைக் கட்டியது. ஜூன் இறுதிவரை முதலிடத்துக்கு அருகில் நின்ற அணி 65 வெற்றியோடு அடியில் முடிந்தது.

ஆகவே நடுவில் நிற்கப்போகிறது என்று நீங்கள் நினைக்கும் அணிக்கு இரண்டு முடிவுகள் உண்டு. உரிமையாளர் செலவு செய்யக்கூடியவரா, மைனர் லீகில் விற்பனைக்கு ஏற்ற இளைஞர்கள் இருக்கிறார்களா, ஒப்பந்தம் முடியும் நட்சத்திரங்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒப்பந்தம் முடிபவர்கள் நிறைய இருந்தால் அந்த அணி தடுமாறும்போது வேகமாகக் கலைந்துவிடும்.

எண்களைக் கூட்டிப் பார்க்காமல் விடுவது

ஒருவர் வென்றால் ஒருவர் தோற்றாக வேண்டும். 30 அணிகளின் வெற்றிகளைக் கூட்டினால் 2,430தான் வரும், அணிக்கு 81. கிழக்குப் பிரிவின் ஐந்து அணிகளும் சேர்ந்து வென்றவை 2021 முதல் 379, 413, 424, 406, 400. உங்கள் பட்டியலைக் கூட்டி 440 வந்தால், எல்லா அணிகளுக்கும் நல்லது நடக்கும் என்று ஆசைப்பட்டிருக்கிறீர்கள். எந்த அணியிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்யும்போதுதான் உண்மையான கணிப்பு தொடங்குகிறது.

பழைய வழக்கம் ஒன்றையும் மாற்றிக்கொள்ள வேண்டும். 2022 வரை ஓர் அணி தன் பிரிவிலுள்ள ஒவ்வோர் அணியோடும் 19 முறை மோதியது. மொத்தம் 76 ஆட்டம். 2023 முதல் அது 13 முறை, 52 ஆட்டம் என்று குறைந்துவிட்டது. "பிரிவில் இரண்டு சோப்ளாங்கி அணிகள் இருக்கின்றன, அவற்றை அடித்தே 95 எட்டிவிடலாம்" என்ற வாதத்துக்கு முன்பிருந்த வலு இப்போது இல்லை.

கணிப்பு மாதிரிகள் சொல்லும் எண்ணைப் படிப்பதிலும் குழப்பம் உண்டு. 104 வென்ற அணிக்கு அடுத்த ஆண்டு 94 என்று போட்டால் ரசிகர்கள் கொதிக்கிறார்கள். அந்த 94, பருவத்தை ஆயிரக்கணக்கான முறை கணினியில் ஓட்டிக் கிடைத்த சராசரி. சில ஓட்டங்களில் 105, சிலவற்றில் 82. யாரோ ஓர் அணி 100ஐத் தாண்டும் என்பது மாதிரிக்கும் தெரியும். அது யார் என்பதுதான் தெரியாது. முதல் அணிக்கும் இரண்டாம் அணிக்கும் நான்கு வெற்றி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அந்த மதிப்பீடு துல்லியமாகவே இருந்தாலும், வெறும் அதிர்ஷ்டத்தால் சுமார் மூன்றில் ஒரு முறை இரண்டாம் அணி முந்திவிடும். மதிப்பீட்டிலேயே பிழை இருக்கும் என்பதால் நடைமுறையில் அதைவிட அடிக்கடி. "உறுதியாக முதலிடம்" என்று எழுதும் கை இந்த இடத்தில் கொஞ்சம் நடுங்க வேண்டும்.

இடத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுவது

2022இல் பிரேவ்ஸும் மெட்ஸும் 101 என்று சமமாக நின்றன. முன்பெல்லாம் பிரிவின் முதலிடத்துக்கு இப்படிச் சமநிலை வந்தால் 163ஆவது ஆட்டம் வைத்துத் தீர்ப்பார்கள். அந்த ஆண்டுதான் அதை எடுத்துவிட்டு, நேருக்கு நேர் மோதியதில் யார் அதிகம் வென்றார் என்று பார்க்கத் தொடங்கினார்கள். 10-9 என்று பிரேவ்ஸ் முன்னிலை, பிரிவும் அவர்களுக்கு. பருவத்தின் கடைசி வாரத்தில் அட்லாண்டாவில் நடந்த மூன்று ஆட்டத்திலும் மெட்ஸ் தோற்றதன் விளைவு அது. மெட்ஸ் முதலிடம் என்று எழுதியவருக்குச் சுழியம் போடுவது என்ன நியாயம்? இரு அணிகளைவிட 14 வெற்றி பின்தங்கிய ஃபில்லீஸ்தான் அந்த ஆண்டு உலகத் தொடருக்குப் போனது. அதை வைத்து ஃபில்லீஸை முதலிடத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று வாதிடுபவர்களும் இருந்தார்கள். பிளேஆஃப் வேறு ஆட்டம், 162 வேறு ஆட்டம்.

2025இல் மெட்ஸ் 83, மார்லின்ஸ் 79, பிரேவ்ஸ் 76. இரண்டாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் ஏழே வெற்றி. "மெட்ஸ் இரண்டாம் இடம், 94 வெற்றி" என்று எழுதியவருக்கு இடம் சரி, எண் 11 பிழை. "மெட்ஸ் மூன்றாம் இடம், 84 வெற்றி" என்று எழுதியவருக்கு இடம் தவறு, எண் ஒன்றே பிழை. நான் இரண்டாமவரைத்தான் நம்புவேன். அதே 83 வெற்றியோடு சின்சினாட்டி ரெட்ஸ் கடைசி வைல்டு கார்டில் உள்ளே போனது. நேருக்கு நேர் கணக்கில் பின்தங்கிய மெட்ஸ் வீட்டுக்குப் போனது. செப்டம்பர் 28 அன்று, கடைசி ஆட்டத்தில், மயாமியில் மெட்ஸை 4-0 என்று தோற்கடித்தது யார் தெரியுமா? மார்ச்சில் பலர் கடைசி இடம் எழுதிவைத்திருந்த மார்லின்ஸ்.

எனவே இடத்தோடு வெற்றி எண்ணையும் எழுதுங்கள். முடிவில் அணிக்குச் சராசரியாக எத்தனை வெற்றி தவறினீர்கள் என்று பாருங்கள். அதை நடுப்புள்ளிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 2025 முடிவுகளிலிருந்து அடுத்த ஆண்டுக்கு அந்தக் கணக்கு தருவது: ஃபில்லீஸ் 88.5, மெட்ஸ் 82, மார்லின்ஸ் 80, பிரேவ்ஸ் 78.5, நேஷனல்ஸ் 73.5. இதிலிருந்து யாரை ஏற்றுகிறீர்கள், யாரை இறக்குகிறீர்கள், என்ன காரணத்துக்காக என்று ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வரி எழுதிவையுங்கள். பிரேவ்ஸின் பிட்சர்களில் பாதிப் பேராவது உடல்தேறி வந்தால் அந்த 78.5ஐ நான் ஆறு வெற்றியாவது உயர்த்துவேன்.